கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

"ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷம் சார்" என்றார் தரகர். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது ஐந்து நிமிடத்தில் வீட்டு வாசலில் இறங்கிவிட்டோம். வீடும் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல காற்று, சத்தமில்லாத தெரு. முன்பணம் பற்றிப் பேச்சு எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது என்ன தோன்றியதோ, "நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர 26 நிமிடம் ஆனது. அதில் பாதி தூரத்துக்கு நடைபாதையே இல்லை.

எங்கள் வீட்டில் கார் கிடையாது. கொள்கை, சபதம் என்றெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. மனைவிக்குத் தெரியும், ஆனால் பிடிக்காது. அவ்வளவுதான் கதை. இப்படியே இருபது வருடத்தில் நான்கு வீடு மாறிவிட்டோம், நான்குமே நகரத்தை ஒட்டிய புறநகரில். அதில் இரண்டு, தெரியாமல் செய்த தப்பு. ஒன்று சுமார். இப்போது இருப்பது நான்காவது. வீடு தேடும் நண்பர்கள் யாராவது என்னிடம் கேட்டால் சமையலறை, குளியலறை பற்றியெல்லாம் நான் வாயே திறப்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு? பெரும்பாலும் பதில் வராது.

அந்த 'அஞ்சு நிமிஷம்' விவகாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் 'ஸ்டேஷனிலிருந்து இத்தனை நிமிட நடை' என்று கட்டாயம் இருக்கும். அதை வாய்க்கு வந்தபடி எழுத முடியாது. 80 மீட்டருக்கு 1 நிமிடம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மிச்சம் 10 மீட்டர் இருந்தாலும் அடுத்த முழு நிமிடமாகத்தான் போட வேண்டும். நேர்கோட்டுத் தூரம் செல்லாது, நடக்கும் பாதையின் தூரம்தான் கணக்கு. இதைப் படித்த நாளிலிருந்து நானும் 80 மீட்டர் கணக்குதான் போடுகிறேன். ஆனால் அந்த விதியிலும் ஓட்டை உண்டு. சிக்னலில் நிற்கும் நேரமும், மேட்டில் ஏறும் மூச்சிரைப்பும் அதில் சேராது. அதனால் எந்த வீடாக இருந்தாலும் ஒரு முறை நடந்தே பார்க்கிறேன். கையில் கனமான பையோடு நடந்தால் இன்னும் நல்லது. வெறுங்கையோடு நடக்கும் தூரமும் 8 கிலோ தூக்கிக்கொண்டு நடக்கும் தூரமும் வேறு வேறு.

எங்கள் முதல் தப்பு, வரைபடத்தைப் பார்த்து வீடு எடுத்தது. என் ஆபீஸிலிருந்து 9 கிலோமீட்டர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம். வீட்டு வாசலிலேயே ஸ்டாப். பஸ் 40 நிமிடத்துக்கு ஒன்று. முதல் வாரம் இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. நேரம் தெரிந்துகொண்டால் போயிற்று, சரியாக அந்த நேரத்துக்கு வெளியே வந்தால் போதுமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

ஸ்டாப்பில் அதிகம் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் காத்திருப்பு எங்கும் போய்விடவில்லை, இடம்தான் மாறியது. வேலை 6 மணிக்கு முடிந்தால் 6:35 வரை ஆபீஸ் நாற்காலியிலேயே சும்மா உட்கார்ந்திருந்தேன். 9 மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்கு 8:25க்கே போய் வாசலில் நின்றேன். 6:35க்குக் கிளம்பும்போது மேனேஜர் "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால் அந்த ஒரு நிமிடத்தின் விலை 40 நிமிடம். ஒரு கட்டத்தில் என் நாள் மொத்தத்தையும் ஒரு டிரைவர்தான் வகுத்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

இப்போது இருக்கும் வீடு அதே ஆபீஸிலிருந்து 22 கிலோமீட்டர். கேட்பவர்கள் "அவ்வளவு தூரமா?" என்று அனுதாபப்படுகிறார்கள். ஸ்டேஷனுக்கு 7 நிமிட நடை, 10 நிமிடத்துக்கு ஒரு ரயில், 32 நிமிடப் பயணம், இறங்கினால் எதிரே ஆபீஸ். ரயில் எத்தனை மணிக்கு என்று நான் பார்ப்பதே இல்லை. வேலை முடிந்ததும் எழுந்து போகிறேன், அவ்வளவுதான். 9 கிலோமீட்டர் வீட்டைவிட இது எனக்குப் பக்கம்.

காத்திருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியாத விஷயம் இதுதான், கார் இல்லாதவர்களும் உட்கார்ந்து கணக்குப் போடாத விஷயம் இதுதான். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று பலகையில் எழுதியிருக்கிறது. சராசரியாக 5 நிமிடம் நின்றால் போதும் என்று தோன்றும். பஸ் தாளம் தப்பாமல் வந்தால் அது சரிதான். ஆனால் நடப்பது வேறு. ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் அதற்காகக் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். எல்லோரும் ஏறி முடிக்க நேரமாகும், தாமதம் இன்னும் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்ற ஆளில்லை. காலியாகப் பறந்து வந்து முன்னால் போவதைப் பிடித்துவிடும். வெகு நேரம் ஒன்றுமே வராமல், பிறகு ஜோடியாக இரண்டு வருவது இப்படித்தான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டு பஸ், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 2 நிமிட இடைவெளி, அப்புறம் 18 நிமிட வறட்சி, மறுபடி 2, மறுபடி 18. சராசரி இடைவெளி 10 நிமிடம்தான், பலகையில் இருப்பது பொய்யில்லை. ஆனால் நாம் ஸ்டாப்புக்குப் போகும் நேரம் அந்த 18 நிமிட வறட்சிக்குள் விழத்தான் பத்தில் ஒன்பது வாய்ப்பு. விழுந்தால் சராசரியாக 9 நிமிடம் நிற்க வேண்டும். கூட்டிக் கழித்தால் காத்திருப்பு 8.2 நிமிடம், ஐந்து அல்ல. 'நான் போகும்போது மட்டும் பஸ் வராது' என்று எல்லோரும் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை, அதற்குப் பின்னால் கணிதம் இருக்கிறது. போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்களும் ஸ்டாப்பில் நிற்கும் நிமிடத்தை வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நிற்கிறவர்கள் மனதில் அது அப்படித்தான் கனக்கிறது.

லண்டனில் இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1992இல் ஒரு வட்டாரத்தில் தொடங்கி, பிறகு நகரம் முழுவதற்கும் வந்தது. எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கிருந்து 640 மீட்டருக்குள் என்னென்ன பஸ், 960 மீட்டருக்குள் என்னென்ன ரயில், ஒவ்வொன்றுக்கும் நடக்க எவ்வளவு நேரம், நிற்க எவ்வளவு நேரம் என்று கூட்டி அந்த இடத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சின்ன அம்சம். பஸ் என்றால் சொன்ன நேரத்துக்கு வராது என்பதற்காகவே காத்திருப்பில் 2 நிமிடம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ரயிலுக்கு முக்கால் நிமிடம்தான். அவநம்பிக்கைக்கும் ஒரு எண் உண்டு பாருங்கள்.

சரி, இரண்டாவது வீட்டுக்கு வருகிறேன். முதல் தப்பில் பாடம் கற்றுக்கொண்டு, அடிக்கடி பஸ் வரும் சாலையாகப் பார்த்து எடுத்தோம். மொட்டை மாடியில் நின்றால் ஸ்டாப் கண்ணெதிரே தெரியும். நேராகப் போனால் 300 மீட்டர் இருக்கும். நேராகப் போக முடியாது என்பதுதான் சிக்கல். நடுவில் ஒரு நீளமான மதில். அது காரில் வந்து போகிறவர்களை மனதில் வைத்துக் கட்டிய குடியிருப்பு. உள்ளே தெருக்கள் எல்லாம் முட்டுச் சந்து, வெளியேற ஒரே ஒரு வாசல், அதுவும் ஸ்டாப்புக்கு நேர் எதிர்த் திசையில். சுற்றிப் போனால் 1,200 மீட்டர். காரில் அது ஒரு திருப்பம், நடப்பவனுக்குக் கால் மணி நேரம்.

மதிலின் ஒரு மூலையில் யாரோ நான்கைந்து கற்களைப் பெயர்த்து வழி உண்டாக்கியிருந்தார்கள். பக்கவாட்டில் திரும்பி, பையை முன்னால் தள்ளி, தலையைக் குனிந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். காலை 8 மணிக்கு அங்கே ஒரு வரிசையே நிற்கும். கைக்குழந்தையோடு வருபவர்கள் குழந்தையை அந்தப் பக்கம் நிற்பவரிடம் நீட்டிவிட்டு, தாங்கள் நுழைந்து, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தில் எனக்குப் பழக்கமானவர்கள் எல்லோரும் அந்த ஓட்டையில் பழகியவர்கள்தான். இரண்டாவது வருடம் பாதுகாப்பு என்ற பெயரில் அதைச் சிமென்ட் பூசி அடைத்தார்கள். மறு மாதம் மறுபடி உடைந்தது. மறுபடி அடைத்து, மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள். நாங்கள் வீடு பார்க்க ஆரம்பித்தோம்.

அதன் பிறகு ஒரு பகுதியைப் பார்க்கப் போனால், அது எந்தக் காலத்து ஊர் என்று முதலில் விசாரிக்கிறேன். காருக்கு முன்னால் வந்த ஊரா, பின்னால் வந்ததா? ரயிலுக்காகவே பிறந்த ஊர்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. ஒசாகாவில் கோபயாஷி இச்சிஸோ என்றொருவர் 1910இல் ஆள் நடமாட்டமே குறைவான வயல்வெளி வழியாக ரயில் பாதை போட்டார். யார் ஏறுவார்கள் என்று சிரித்தார்களாம். அவர் பாதையோரம் நிலம் வாங்கி, வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். 1929இல் நகர முனையத்தில் பெரிய பல்பொருள் அங்காடியையும் திறந்தார். பயணிகளையும் அவரே உற்பத்தி செய்துகொண்டார் என்று சொல்லலாம். கோபன்ஹேகன் 1947இல் கைவிரல் வடிவத்தில் திட்டம் போட்டது. உள்ளங்கையில் பழைய நகரம், ஐந்து விரல்களாக ஐந்து ரயில் பாதைகள், விரல்களுக்கு நடுவே பசுமை. வீடுகள் எல்லாம் விரல்மேல். இந்த மாதிரி இடங்களில் கடை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றியே இருக்கும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் நடந்து வந்தாக வேண்டும்.

பஸ் ரூட்டை நம்பி வீடு எடுப்பதில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. பஸ் ரூட் ஒரு சுற்றறிக்கையில் மாறிவிடும். தண்டவாளத்தை அப்படிப் பிடுங்கிப் போட மாட்டார்கள். பிடுங்கிய ஊர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் இரும்பின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை.

கடைசி பஸ் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வீடு, நான் சுமார் என்று சொன்னது, பகலில் எந்தக் குறையும் இல்லாதது. 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், உட்கார இடம் கிடைக்கும், பக்கத்திலேயே பூங்கா. ராத்திரி 9:10க்குக் கடைசி வண்டி. எங்களுக்கு என்ன, நாங்கள் என்ன ராத்திரிப் பறவைகளா என்று விட்டுவிட்டோம்.

இது ஒரே நாளில் வலிக்கும் விஷயம் இல்லை. நண்பர் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்போம். நாடகத்துக்குப் போனால் முடிவைப் பார்த்ததில்லை. ஓரமான இருக்கையாகக் கேட்டு வாங்கி, முதுகை வளைத்துக்கொண்டு இருட்டில் வெளியேறுவோம். பேச்சு சூடுபிடிக்கும்போதுதான் மனைவி என் முழங்கையைத் தொடுவாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கே" என்பேன். "அந்தப் பத்து நிமிஷம் நடக்கிறதுக்கு" என்பாள். இரண்டு வருடம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். சாயங்காலங்களுக்கு எங்களைக் கூப்பிடுவதை நண்பர்கள் விட்டுவிட்டார்கள். கோபம் எல்லாம் இல்லை, 'அவங்களுக்குச் சிரமம்' என்ற கரிசனம்தான். வாடகை வண்டி பிடித்து வரலாமே என்று கேட்பீர்கள். வரலாம், வந்தோம். ஆனால் அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே வர ஒத்துக்கொள்ளும் டிரைவர் கிடைப்பதற்குள் சாயங்காலத்தின் இனிமை போய்விடும். ஒரு ராத்திரி மூன்று பேர் ஒப்புக்கொண்டு மூன்று பேரும் ரத்து செய்தார்கள். நாங்கள் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒன்றுமே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாறி ஏறும் பயணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் மாற வேண்டும் என்று தரகர்கள் லேசாகச் சொல்வார்கள். முதல் பஸ் இரண்டு நிமிடம் தாமதம், இரண்டாவது பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது, அடுத்தது அரை மணிக்குப் பிறகு. இது எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க சுவிட்சர்லாந்தைத்தான் பார்க்க வேண்டும். 1982இலேயே நாடு முழுக்க ஒரே தாளத்தில் கால அட்டவணை கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வண்டி. பெரிய சந்திப்புகளில் எல்லா வண்டிகளும் சேர்ந்தாற்போல் வந்து, ஆட்களை மாற்றிக்கொண்டு, சேர்ந்தாற்போல் கிளம்பும் ஏற்பாட்டை 2004இல் இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். அப்படி இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு என் யோசனை: மாறி ஏறினால், இரண்டாவதாக ஏறும் வண்டி அடிக்கடி ஓடுவதாக இருக்கட்டும். முதலாவதுக்கு வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கலாம். இரண்டாவதுக்கு நடுத்தெருவில் நிற்க வேண்டும்.

நான்காவது வீட்டைத் தேடியபோது அம்மாவும் எங்களோடு வந்துவிட்டிருந்தார். முழங்கால் வலி. நான் என் 80 மீட்டர் கணக்கு, இடைவெளிக் கணக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு பெருமையாக ஒரு வீட்டைக் காட்டினேன். அம்மா வீட்டுக்குள் வரவே இல்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் நடைமேம்பாலத்தை அண்ணாந்து பார்த்தார். 44 படி, லிஃப்ட் பழுது. "ஏண்டா, நீ ஏறுவ. நான் எப்படி ஏறுவேன்?" என்றார். அப்புறம் ஸ்டாப்பைக் காட்டி, "உக்கார ஒரு பெஞ்சு இருக்கா பாரு" என்றார். இல்லை. நிழலும் இல்லை. நான் 7 நிமிடம் என்று எழுதி வைத்திருந்த நடை அவருக்கு 20 நிமிடம், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். என் நோட்டில் 'பெஞ்சு' என்று ஒரு பத்தி அன்றுதான் சேர்ந்தது. நமக்கும் முழங்கால் ஒரு நாள் அங்கேதான் போகப்போகிறது என்பதை அப்போது மனதில் குறித்துக்கொண்டேன், நோட்டில் எழுதவில்லை.

ஆராய்ச்சிகள் பற்றி ஓரிரு வார்த்தை. மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்செட்டி 1994இல் எழுதினார். நடந்த காலத்தில் ஊர் சின்னது, ரயில் வந்ததும் ஊர் பெரிதானது, அந்த ஒரு மணி நேரம் மட்டும் பெரிதாக மாறவில்லை என்பது அவர் வாதம். போகவும் வரவும் சேர்த்து எனக்கு இப்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி உட்கார்ந்து படிக்கும் நேரம் என்பதால் நான் சண்டைக்குப் போகவில்லை. ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்ப ஆய்வுத் தரவுகளை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் சுடுகிறது. தூரம் போகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ பெறுவார்கள், அதனால் மனநிறைவு சமமாகிவிடும் என்பதுதான் ஏட்டுக் கணக்கு. தரவில் அப்படி இல்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது. கூடுதலாக ஒரு அறை கிடைத்த சந்தோஷம் எங்களுக்கு மூன்று மாதம் நீடித்தது. 40 நிமிட பஸ் கடைசி நாள் வரை எரிச்சலாகவே இருந்தது.

அதனால் நான்காவது வீட்டுக்கு, பூட்டிய வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வட்டாரத்தில் மூன்று முறை வாழ்ந்து பார்த்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அங்கிருந்து ஆபீஸுக்குப் போவது போலவே 8 மணி ரயிலில் ஏறினேன். கதவு மூடுமா என்று பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் போனோம். வார நாளில் துள்ளும் பல இடங்கள் ஞாயிற்றுக்கிழமை செத்துக் கிடக்கும், சர்வீஸ் பாதியாகிவிடும். மூன்றாவது முறை, நானும் மனைவியும் மட்டும், ராத்திரி கடைசி ரயிலில் வந்து இறங்கி அந்த வீட்டு வாசல் வரை நடந்தோம். எந்தெந்த விளக்கு எரிகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது, நாய்கள் எந்த வளைவில் படுத்திருக்கின்றன என்றெல்லாம் பார்த்தோம். "நான் தனியா வந்தா இந்த வழியா வருவேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் மறுநாள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நான் ஒரு ஆளாகப் பார்த்திருந்தால் அந்த வளைவு எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஸ்டேஷன் பக்கம் என்பதால் வாடகை கூடுதல், வீடு சின்னது. கார் வாங்காததில் மிச்சமாகும் பணம் அந்த வாடகையில்தான் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ரயில் சத்தம் கேட்கும். முதல் மாதம் அம்மா தூக்கம் வரவில்லை என்றார். இப்போது ரயில் நின்றுபோன நாளில்தான் தூக்கம் வரவில்லை என்கிறார். கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது விளம்பரமாகிவிடும். அலமாரி வாங்கினால் அதைக் கொண்டுவர ஒரு வண்டியைக் கெஞ்ச வேண்டும். அடைமழையில் நனைந்துகொண்டே வருகிறோம். நடுராத்திரியில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது மேல் வீட்டுக்காரர்தான் தன் காரை எடுத்தார். அவருடைய எண் எங்கள் மூன்று பேர் போனிலும் முதலில் இருக்கிறது. அவருடைய பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது என் வேலை. இதற்கு முன் இருந்த மூன்று வீட்டிலும் மேல் வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வாசற்கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முதல் ரயில், கடைசி ரயில், ஞாயிற்றுக்கிழமை தனியாக. போன மாதம் கால அட்டவணை மாறி, கடைசி ரயிலை 11:20இலிருந்து 11:05க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் மனைவி பழைய நேரத்தை அடித்துவிட்டு, சிவப்பு மையில் புது நேரத்தை எழுதியிருந்தாள். கீழே சின்னதாக ஒரு வரி: "10:40க்கு எழுந்திரிக்கணும்."